அச்சமும் ஐயமும்



லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு வீட்டில் இருமினால் நான்காவது வீட்டில் கேட்கும். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போவதற்குள் தோட்டம் முழுவதும் தெரிந்துவிடும். இப்படி நெருங்கி வாழ்வதிலே பெரிய நன்மை உண்டு. ஆபத்து அவசரம் என்றால் கூப்பிடாமலே பத்துப் பேர் வந்து நிற்பார்கள். ஆனால் அந்தப் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பயந்துவிட்டால் என்ன ஆகும்? அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். 1960களின் தொடக்கம். நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தில், எங்கள் லயத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேருக்கு ஒரே மாதத்தில் விடாத காய்ச்சல் வந்தது. டிரெசர் மருந்து கொடுத்தார், கேட்கவில்லை. ஒரு பிள்ளை இறந்துபோயிற்று. பிறகு பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கோடாங்கியை அழைத்து வந்தார்கள். அவர் உடுக்கை அடித்துக் குறி சொன்னார். "இது தானா வந்த காய்ச்சல் இல்ல. ஒரு பொம்பளையோட கண்ணு" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். பேர் சொல்லவில்லை. பேரை நாங்களே கண்டுபிடித்துக்கொண்டோம்.

லயத்தின் கடைசி வீட்டில் ஒரு கிழவி தனியாக இருந்தாள். பிள்ளை குட்டி இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடப் போன புருஷன் திரும்பி வரவில்லை. காட்டோரத்தில் கீரை பறித்து வருவாள். எங்களைக் கண்டால் கன்னத்தைத் தடவி, "ராசா மாதிரி இருக்கியே" என்பாள். அதுவரை அது பிரியமாக இருந்தது; அன்றிலிருந்து அது கண்ணேறு ஆகிவிட்டது. அவள் வாசலில் உப்பையும் மிளகாயையும் கொட்டினார்கள். கிணற்றடியில் அவளைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். பையன்கள் இரவில் அவளுடைய தகரக் கூரைமேல் கல் எறிந்தார்கள். நானும் எறிந்தேன். ஒருநாள் காலையில் பார்த்தால் வீடு திறந்து கிடந்தது. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகுதான் சுகாதார இலாகாவிலிருந்து ஒருவர் வந்து கிணற்றைச் சோதித்தார். கக்கூசுத் தண்ணீர் கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது. வந்திருந்த காய்ச்சல் டைபாய்டு. கிணற்றுக்கு மருந்து போட்டார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். காய்ச்சல் நின்றது. கிழவியைத் தேடிக்கொண்டு யாரும் போகவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு சரித்திர நிகழ்ச்சியைப் பற்றிப் படிக்கும்போது இந்த நினைவு எனக்குத் திரும்ப வந்தது. அது நடந்த ஊரின் பேர் சேலம். நம் பாட்டன் பூட்டன் பலர் கப்பலேறி வந்த சேலம் ஜில்லா அல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்ற பகுதியில் உள்ள சேலம். பைபிளில் வரும் எருசலேம் நகரை நினைத்து வைத்த பேர் அது. சமாதானம் என்பது அதன் பொருள். நாம் அன்றாடம் சொல்லும் மலாய்ச் சொல்லான 'செலாமாட்'டும் அரபு வழியாக அதே வேரிலிருந்து வந்ததுதான். சமாதானம் என்று பேர் வைத்த ஊரில் 1692ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள்.

அப்போது அந்த நாடு இங்கிலாந்தின் குடியேற்றமாக இருந்தது. துறைமுகப் பட்டணம் ஒன்று. அதைச் சேர்ந்த உட்புறக் கிராமம் ஒன்று. கிராமத்தில் ஐந்நூறு அறுநூறு பேர் இருந்திருப்பார்கள். பியூரிட்டன்கள் எனப்படும் கட்டுப்பாடு மிகுந்த கிறிஸ்தவர்கள். உழைப்பாளிகள், பக்தர்கள். மனிதர்கள் கெட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டு இந்தக் கதையைக் கேட்காதீர்கள். அவர்கள் பயந்தவர்கள்.

பயப்படக் காரணமும் இருந்தது. வடக்கே பிரெஞ்சுக்காரரோடும் பூர்வகுடி மக்களோடும் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் யார்க் என்ற எல்லை ஊர் தாக்கப்பட்டுப் பலர் மாண்டார்கள், பலர் சிறைபிடிக்கப்பட்டார்கள். வீடிழந்து ஓடிவந்தவர்கள் சேலம் பக்கம் தங்கியிருந்தார்கள். சற்று முன்புதான் அம்மை நோய் வந்து போயிருந்தது. அரசாங்கத்தின் அதிகாரப் பத்திரத்தை இங்கிலாந்து மன்னர் 1684இலேயே ரத்து செய்துவிட்டதால், யாருக்கு என்ன அதிகாரம் என்பதே குழப்பமாக இருந்தது. இவ்வளவும் போதாதென்று கிராமத்துக்குள்ளேயே இரண்டு கட்சி. நில எல்லைத் தகராறு. 1689இல் வந்த போதகர் சாமுவேல் பாரிஸுக்குச் சம்பளம் கொடுப்பதா, குளிர்காலத்துக்கு விறகு கொடுப்பதா என்று தீராத சண்டை.

அந்தப் போதகர் வீட்டில்தான் தொடங்கியது. அவருடைய மகள் பெட்டிக்கு ஒன்பது வயது. அதே வீட்டில் வளர்ந்த உறவுப் பெண் அபிகேலுக்குப் பதினொன்று. இருவரும் திடீரென்று அலறினார்கள், கைகால் முறுக்கிக்கொண்டது, மேசைக்கு அடியில் ஒளிந்தார்கள், யாரோ கிள்ளுகிறார்கள், குத்துகிறார்கள் என்றார்கள். போதகர் ஜெபம் செய்து பார்த்தார். கடைசியில் வைத்தியரை அழைத்தார். வைத்தியருக்கு நோய் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. 'இதில் தீய கை இருக்கிறது' என்ற முடிவைச் சொல்லிவிட்டார்.

எங்கள் கோடாங்கி சொன்னதும் வேறு வார்த்தையில் அதேதானே? அதுவரை வீட்டிலிருந்த கேள்வி, 'பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று' என்பது. அந்த நிமிடத்திலிருந்து கேள்வி, 'யார் செய்தது' என்று மாறிவிட்டது. முதல் கேள்விக்கு விடை தெரியாமல் காத்திருக்கலாம். இரண்டாவது கேள்விக்குக் காத்திருக்க முடியாது. அதற்கு ஒரு பேர் வேண்டும்.

பெரியவர்கள் கூடிப் பிள்ளைகளைக் கேட்டார்கள்: யார், யார், யார்? பிள்ளைகள் மூன்று பேரைச் சொன்னார்கள். அந்த மூவர் யார் என்று பாருங்கள். முதலாவது டிட்டுபா. போதகர் வீட்டில் அடிமையாக இருந்தவள், வெள்ளைக்காரி அல்லள். இரண்டாவது சாரா குட். வீடு வாசல் இல்லாமல், வீட்டுக்கு வீடு கையேந்தித் திரிந்தவள். கொடுக்காதவர் வாசலில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போவாளாம். மூன்றாவது சாரா ஆஸ்பர்ன். நோயாளி; விதவையான பிறகு தன் வீட்டு வேலைக்காரனையே மணந்துகொண்டு ஊர் வாயில் விழுந்தவள்; கோவிலுக்கும் நெடுநாள் வராதவள். அடிமை, பிச்சைக்காரி, ஊருக்குப் பிடிக்காதவள். இவர்களுக்காக வாய் திறக்க யாரும் இல்லை. சாரா குட்டின் புருஷனே, அவள் சூனியக்காரியாக இருப்பாளோ என்று தனக்கும் பயம் என்றான்.

மார்ச் முதல் தேதி விசாரணை. மற்ற இருவரும் மறுத்தார்கள். டிட்டுபா ஒப்புக்கொண்டாள். சாத்தான் வந்தான், ஒரு புத்தகம் வைத்திருந்தான், அதில் ஒன்பது பேர் அடையாளம் இருந்தது என்றெல்லாம் சொன்னாள். அவளை அடித்து ஒப்புக்கொள்ள வைத்தார்கள் என்று அவளே பின்னர் கூறியதாக அக்காலத்து நூல் ஒன்று எழுதுகிறது. எஜமான் வீட்டு அடிமைப் பெண்ணுக்கு எது பத்திரமான பதில் என்பது தெரியாதா? ஆனால் ஒன்பது அடையாளம் என்றதும் ஊர் கணக்குப் பார்த்தது. மூன்று பேர் அகப்பட்டார்கள். மற்ற ஆறு பேர் எங்கே? யார் வீட்டில்?

இனி ஒரு முக்கியமான செய்தி. அந்தப் பிள்ளைகள் நடித்தார்களா? சிலர் சில வேளைகளில் நடித்திருக்கலாம். எல்லாமே நடிப்பு என்று சொல்லிவிட முடியாது. மனத்தில் அடைத்துக் கிடக்கும் பயம் உடம்பு வழியாக வெளியே வரும். ஒருத்திக்கு வந்ததைப் பார்த்து அடுத்தவளுக்கும் வரும். அது கிருமியால் பரவுவதில்லை. கண்ணாலும் காதாலும் பரவுகிறது. இதைக் கூட்டு ஹிஸ்டீரியா என்பார்கள். நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 1973இல் சிங்கப்பூரில் தொலைக்காட்சிப் பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அலறி மயங்கி விழுந்தார்கள். 1970களிலும் 80களிலும் மலேசியாவின் தொழிற்சாலைகளிலும் பெண்கள் விடுதிகளிலும் இப்படிப் பல முறை நடந்தது. 2016இல் கிளந்தானில் ஓர் இடைநிலைப்பள்ளியையே சில நாள் மூட வேண்டியதாயிற்று. கம்பத்தை விட்டு வந்து, விளக்கொளியில் இரவு முழுவதும் நுண்ணிய கம்பிகளைப் பூட்டிக்கொண்டு, மேற்பார்வையாளரின் கண்ணுக்கு அஞ்சி, வீட்டை நினைத்து ஏங்கிய பெண்கள். வாயால் சொல்ல முடியாததை உடம்பு சொல்லிற்று. 'போமோ'வை அழைத்து ஆவியை ஓட்டிய முதலாளிகள், வேலை நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார்களா என்பது வேறு விஷயம்.

இதற்கு வைத்தியம் என்ன? கூட்டத்தைக் கலைத்துவிட வேண்டும். விழுந்தவரை அமைதியான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சுற்றி நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. மருத்துவர் பார்த்து வேறு நோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு மெல்ல, தனியே, மனத்தில் என்ன என்று கேட்க வேண்டும். சேலத்திலும் இதற்கு அத்தாட்சி உண்டு. போதகர் தம் மகள் பெட்டியை மட்டும் மார்ச்சு மாதக் கடைசியில் பட்டணத்திலிருந்த ஒரு நண்பர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கே அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் குணமாகிவிட்டாள். மற்றப் பெண்களை என்ன செய்தார்கள் தெரியுமா? விசாரணைக் கூடத்தில், ஊரே கூடியிருக்க, முன்வரிசையில் நிறுத்தினார்கள். சந்தேகப்பட்டவர் தலையைச் சாய்த்தால் அவர்கள் தலையும் சாய்ந்தது. உதட்டைக் கடித்தால் அவர்களும் கடிபட்டதாக அலறினார்கள். எரிகிற அடுப்பில் ஊரே சேர்ந்து விறகு வைத்தது.

நீதிமன்றம் ஒரு விசித்திரமான சாட்சியை ஏற்றுக்கொண்டது. ஒருவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் அவருடைய உருவம் வந்து என்னை வதைத்தது என்று சொன்னால் போதும். அந்த உருவம் சொல்பவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இதை எப்படி மறுப்பது? நான் அன்றைக்கு வேறு ஊரில் இருந்தேன் என்று ஆள் வைத்து நிரூபித்தாலும் பயனில்லை. உன் உடம்பு அங்கே இருந்திருக்கும், உன் உருவம் இங்கே வந்தது என்பார்கள். நம் ஊரில் 'கனவில் வந்தாள்' என்று சொல்லி ஒருத்தியைச் சந்தேகிப்பதும் இதே ஜாதிதான்.

இன்னொரு விபரீதம். ஒப்புக்கொண்டவர்களை அவர்கள் தூக்கிலிடவில்லை. மற்றவர் பேரைச் சொல்லட்டும் என்று வைத்திருந்தார்கள். மறுத்தவர்களையே தூக்கிலிட்டார்கள். ஆகவே பொய் சொன்னவர் பிழைத்தார், மெய் சொன்னவர் மாண்டார். சுமார் ஐம்பது பேர் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட ஒவ்வொருவரும் வேறு சிலரைக் காட்டிக்கொடுத்தார்கள். நூற்றைம்பது பேருக்குமேல் குற்றம் சாட்டப்பட்டது இப்படித்தான்.

முதலில் ஏழைகள் என்றேனல்லவா? மார்ச்சு முடிவதற்குள் ஏணியில் மேலே ஏறிவிட்டது. ரெபெக்கா நர்ஸ் என்ற மூதாட்டிக்கு 71 வயது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பெரிய குடும்பம். ஊரே மதித்தவர். அவர்மேல் குற்றம் வந்தபோதுதான் சிலருக்கு வயிற்றைக் கலக்கியது. அண்டை அயலார் நாற்பது பேர் அளவில் அவர் நல்லவர் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படிக் கையெழுத்திடுவது உயிரோடு விளையாடுவது; மறுநாள் அவர்கள் பேரும் பட்டியலில் வரலாம். ஜூரிகள் முதலில் அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். உடனே பெண்கள் கூச்சலிட்டார்கள். தலைமை நீதிபதி ஸ்டௌட்டன், அவர் சொன்ன ஒரு வார்த்தையைக் கவனித்தீர்களா என்று ஜூரிகளைத் திருப்பி அனுப்பினார். அதன் பொருளைக் கிழவியிடம் கேட்டார்கள். அவருக்குக் காது மந்தம். கேள்வி விழவில்லை, பதில் சொல்லாமல் நின்றார். மௌனத்தைக் குற்றமாக எடுத்துக்கொண்டார்கள். ஜூலை 19ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே நாளில் பிச்சைக்காரி சாரா குட்டையும் தூக்கிலிட்டார்கள். மதிப்புள்ளவருக்கும் மதிப்பில்லாதவருக்கும் ஒரே மரம்.

ஜான் பிராக்டர் என்ற குடியானவர் ஆரம்பத்திலிருந்தே இதை நம்பவில்லை. அவர் வீட்டு வேலைக்காரப் பெண் மேரி வாரனுக்கும் வலிப்பு வந்தது. பிரம்பைக் காட்டி உட்கார வைத்து நூல் நூற்கச் சொன்னார், வலிப்பு நின்றுவிட்டது. பிரம்பு வைத்தியம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குப் பின் நடந்ததைத்தான் கேட்க வேண்டும். மேரி, தன் தோழிகள் சொல்வது பொய் என்று வாய் திறந்தாள். உடனே தோழிகள் அவளையே சூனியக்காரி என்றார்கள். நடுங்கிப்போனவள் பழையபடி அவர்கள் பக்கமே சேர்ந்துகொண்டு, தன் எஜமானுக்கு எதிராகவே சாட்சி சொன்னாள். பிராக்டர் ஆகஸ்டு 19இல் தூக்கில் மாண்டார். அவரோடு தூக்குமேடை ஏறியவர் ஜார்ஜ் பர்ரோஸ். அதே கிராமத்தில் முன்பு போதகராக இருந்தவர். சூனியக்காரர்களால் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தப்பில்லாமல் சொல்ல முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. கழுத்தில் கயிற்றோடு அவர் ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தார். கூட்டம் கலங்கிற்று, தடுத்துவிடுவார்களோ என்று கூடத் தோன்றியது. பாஸ்டனிலிருந்து குதிரையில் வந்திருந்த போதகர் காட்டன் மேதர் கூட்டத்தைப் பார்த்து, சாத்தான் ஒளியின் தூதனைப் போலவும் வருவான் என்று பேசி அடக்கினார். தங்கள் கண்ணால் கண்டதை, தங்கள் சட்டப்படியே சரியாக இருந்ததை, அந்த மக்கள் நம்பாமல் வீட்டுக்குப் போனார்கள்.

ஜைல்ஸ் கோரியை நினைத்தால் எனக்கு இரக்கமும் வருகிறது, கோபமும் வருகிறது. எண்பது வயதைக் கடந்த கிழவர். மார்ச்சு மாதத்தில் தம் மனைவி மார்த்தா கைதானபோது, ஆமாம், அவள் நடத்தையில் எனக்கும் சந்தேகம் உண்டு என்று அவரே சாட்சி சொன்னவர். ஒரு மாதத்துக்குள் அவரையும் பிடித்தார்கள். நீதிமன்றத்தில் அவர் குற்றவாளி, குற்றவாளி இல்லை என்ற எந்தப் பதிலையும் சொல்ல மறுத்துவிட்டார். வாய் திறக்கும் வரை மார்பின்மேல் பாறைகளை அடுக்கினார்கள். திறக்கவில்லை. செப்டம்பர் 19இல் இறந்தார். மூன்று நாளில் மார்த்தாவைத் தூக்கிலிட்டார்கள்.

அன்று மார்த்தாவோடு தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவர் மேரி ஈஸ்டி, ரெபெக்கா நர்ஸின் தங்கை. சாவதற்கு முன் நீதிபதிகளுக்கு ஒரு மனு எழுதினார். தன் உயிரைக் கேட்கவில்லை. தனக்கு நாள் குறித்தாகிவிட்டது என்பது தெரியும் என்றார். இனிமேல் குற்றமற்றவர்களின் இரத்தம் சிந்தாதபடி விசாரிக்கும் முறையையாவது மாற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

மொத்தம் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். கிழவர் கோரி ஒருவர். சிறையில் நோயால் இறந்தவர்கள் குறைந்தது ஐந்து பேர். சாரா ஆஸ்பர்ன் அவர்களில் ஒருத்தி. சாரா குட் பெற்ற கைக்குழந்தையும் சிறையில் மாண்டது. சாராவுக்கு இன்னொரு மகள் இருந்தாள். டாரதி. வயது நான்கு அல்லது ஐந்து. அவளையும் சூனியக்காரி என்று பிடித்து விலங்கு மாட்டி எட்டு ஒன்பது மாதம் அடைத்து வைத்தார்கள்.

எப்படி நின்றது என்று கேட்பீர்கள். ஒன்று, விரல் நீட்டியவர்கள் கடைசியில் பெரிய இடங்களையும் காட்டினார்கள். ஆளுநர் வில்லியம் பிப்ஸின் மனைவி பேர்கூட அடிபட்டதாகச் சொல்வார்கள். பெரிய இடத்தைத் தொட்டதும்தான் பெரிய மனிதர்களுக்குச் சந்தேகம் வந்தது. அது மனித சுபாவம், என்ன செய்வது! இரண்டு, படித்தவர்கள் சிலர் தாமதமாகவேனும் பேசினார்கள். காட்டன் மேதரின் தந்தை இன்க்ரீஸ் மேதர், பெரிய போதகர். உருவத்தைக் கண்டேன் என்ற சாட்சியைக் கொண்டு ஓர் உயிரை எடுக்கக் கூடாது, சந்தேகப்பட்டவர் பலர் தப்பினாலும் குற்றமற்ற ஒருவர் சாகக் கூடாது என்று அக்டோபரில் வாதாடினார். அந்த மாதக் கடைசியில் ஆளுநர் நீதிமன்றத்தைக் கலைத்தார். புதிய நீதிமன்றம் உருவச் சாட்சியை ஏற்கவில்லை. அந்த ஒன்றை எடுத்துவிட்டதும் வழக்கில் ஒன்றுமே இல்லை. ஏறக்குறைய எல்லாரும் விடுதலை.

இதே போன்ற ஒரு திருப்பம் 1967இல் சிங்கப்பூரில் நடந்தது. பன்றிகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். அந்த இறைச்சியைத் தின்றால் ஆண்களின் உறுப்பு உள்ளே சுருங்கி உயிர் போய்விடும் என்று வதந்தி கிளம்பியது. நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனைக்கு ஓடினார்கள். மருத்துவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அது பயத்தால் வருவது, உடம்பில் கோளாறு இல்லை, தடுப்பூசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி வழியாகத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார்கள். சில நாளில் கூட்டம் குறைந்தது, சில வாரங்களில் இல்லாமலே போயிற்று. 'என்ன' என்ற கேள்விக்கு ஆள் தெரிந்து, பொறுமையாக, பலர் காதில் விழும்படி பதில் சொன்னது அங்கே வேலை செய்தது. இப்போது வதந்தி கைத்தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் பத்துக் குடும்பத்துக்குப் போகிறது. பதிலும் அதே வேகத்தில் போக வேண்டியிருக்கிறது.

சேலத்துக்கு வருகிறேன். விடுதலை என்றேன். அக்காலத்தில் கைதி தன் சிறைச் செலவைத் தானே கட்ட வேண்டும்: சாப்பாட்டுக்கு, காவலுக்கு, கை விலங்குக்குக்கூட. கட்டினால்தான் கதவு திறக்கும். டிட்டுபாவுக்காகப் பணம் கட்ட அவள் எஜமான் பாரிஸ் மறுத்துவிட்டார். ஓராண்டுக்கு மேல் சிறையில் கிடந்தாள். கடைசியில் யாரோ ஒருவர் அந்தப் பாக்கியைக் கட்டி அவளை விலைக்கு வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பின் அவளைப் பற்றிய பதிவு எதுவும் இல்லை.

மன்னிப்புக் கேட்டவர்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1697 ஜனவரியில் நாடு முழுவதும் நோன்பு இருந்த நாளில், நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சூவல், கோவிலில் எல்லார் முன்னும் எழுந்து நின்றார். தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதியதைப் போதகர் வாசித்து முடிக்கும் வரை நின்றார். ஜூரிகள் பன்னிரண்டு பேர் தவறு செய்தோம் என்று கையெழுத்திட்டார்கள். தலைமை நீதிபதி ஸ்டௌட்டன் கடைசி வரை வருந்தவில்லை. பன்னிரண்டு வயதில் பலர்மேல் குற்றம் சொன்ன ஆன் புட்னம், வளர்ந்து இருபத்தேழு வயதை நெருங்கும்போது, 1706இல், அதே கிராமத்துக் கோவிலில் எழுந்து நின்றாள். அவளுடைய மன்னிப்பு வாசிக்கப்பட்டபோது ரெபெக்கா நர்ஸின் குடும்பத்தார் அதே கூரையின் கீழ் இருந்தார்கள்.

1711இல் அரசாங்கம் 22 பேரின் தண்டனையை நீக்கி, குடும்பங்களுக்கு நஷ்டஈடாக 578 பவுன் 12 ஷில்லிங் ஒதுக்கியது. சாரா குட்டின் புருஷனும் மனு போட்டிருந்தான், மனைவியைச் சந்தேகித்த அதே புருஷன். விலங்கு மாட்டப்பட்டிருந்த தன் மகள் டாரதி அதற்குப் பின் சித்தம் சரியில்லாதவளாகிவிட்டாள், தன்னைத்தானே பார்த்துக்கொள்ள அவளால் முடியவில்லை என்று எழுதினான். அவனுக்கு 30 பவுன் கிடைத்தது.

எல்லாருடைய பேரும் அந்தப் பட்டியலில் வரவில்லை. விட்டுப்போனவர்களில் கடைசியாக எஞ்சியவள் எலிசபெத் ஜான்சன் என்ற பெண். 22 வயதில் மரண தண்டனை பெற்று, ஆளுநரால் உயிர் தப்பியவள். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. ஆகையால் அவளுக்காகக் கேட்க வாரிசு இல்லை. அவள் ஊரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்கள் ஆசிரியையும் பழைய தாள்களைப் படித்துவிட்டு, சட்டமன்றத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2022ஆம் ஆண்டு ஜூலையில் அவள்மீதிருந்த குற்றம் நீக்கப்பட்டது. 329 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதைப் படித்த அன்றுதான் எங்கள் தோட்டத்துக் கிழவியின் பேரை நினைவுபடுத்திப் பார்த்தேன். வரவில்லை. லயத்தில் எல்லாரும் 'கடைசி வீட்டுக் கெழவி' என்றுதான் சொல்வோம். என் அக்காவுக்குத் தொலைபேசியில் கேட்டேன். அவளுக்கு அந்தக் கன்னம் தடவுகிற கை நினைவிருக்கிறது. கீரைக் கூடை நினைவிருக்கிறது. பேர் தெரியவில்லை. அந்தத் தோட்டம் இப்போது இல்லை. லயங்களை இடித்து வீட்டு மனைகள் ஆக்கிவிட்டார்கள். அங்கிருந்து போனவர்களில் யாராவது இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பேர் தெரிந்திருந்தால், எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.